அம்மா மேல் பழிபோட்ட சிவப்பு விளக்கு

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அத்தையின் முழங்காலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும், மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் தும்மல் இருமல் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்தோம், அத்தை அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்துப் பல்லும் ஆடுகிறது என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொன்னால் உன் அம்மா பின்னால் நின்றுகொண்டு அதை மூன்று வரியாகத் திருத்துகிறாள். இது அவளைப் பற்றிய கதை. அவளைச் சொல்லவிட்டால் தன் பங்கை எல்லாம் கழித்துவிட்டு, "ஒண்ணுமில்லடி, ஒரு ஸ்விட்ச் போச்சு, மாத்திட்டோம்" என்று முடித்துவிடுவாள். அதனால் நானே முழுசாக எழுதிவிடுகிறேன், நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரை படி.

என் கண் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நேரே இருப்பது பளிச்சென்று தெரிகிறது, ஓரத்தில் வருவது தெரிவதில்லை. மருந்தை ஒழுங்காக விட்டுக்கொண்டால் இருக்கிற பார்வை இருக்கும், ஆனால் இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போது நீ வண்டியை விற்றுவிடுங்கள், வேண்டும்போது டாக்ஸி கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னாய். நியாயமான பேச்சுதான், நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மாவின் கடைக்குச் சரக்கு வர வேண்டுமே. பட்டன், ஜிப், லைனிங் துணி, நூல்கண்டு எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மொத்தக் கடைத் தெருவில்தான் கிடைக்கிறது, இத்தனை வருடமும் நான்தான் கூட்டிப் போய்க் கூட்டி வந்தேன். டாக்ஸிக்காரர்கள் மூட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் கூட்டத்தில் யாரோ இடித்து, சட்டைப் பட்டன் பெட்டி வாயைப் பிளந்து, பஸ் முழுக்க வெள்ளைப் பட்டன் உருண்டு ஓடியிருக்கிறது. பாவம், நல்ல ஜனங்கள், எல்லோரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், டிரைவர் கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தன் காலடியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாராம். அம்மா வீட்டுக்கு வந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல், என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். "சாவி எங்க?" என்றாள். எதற்கு என்றேன். "நான் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றாள்.

உன்னிடம் சொல்லவில்லை என்று இப்போது முகம் சுளிக்கிறாய், எனக்குத் தெரியும். லைசென்ஸ் வாங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள், நடுவில் யாராவது வேண்டாம் என்று சொன்னால் கேட்டுத் தொலைத்துவிடுவோமோ என்று பயம். நான் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்த முதல் நாளே தெருமுனை போவதற்குள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. பிறகு டிரைவிங் ஸ்கூலில் இருந்து ஒரு டீச்சரம்மா வந்தார், நம் வண்டியிலேயே சொல்லிக் கொடுத்தார், உயரமான பெண், அதட்டவே தெரியாது, ஆபத்து நெருங்க நெருங்கக் குரல் இன்னும் தாழ்ந்துகொண்டே போகும். நான் பின் சீட்டில் துணைக்கு உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா நன்றாகவே ஓட்டினாள். கண்ணாடி பார்ப்பது, திரும்புவதற்கு முன் விளக்குப் போடுவது எல்லாம் என்னைவிடச் சுத்தம். கியர் மட்டும்தான் அவளுக்கும் வண்டிக்கும் ஒத்துவராமல் இருந்தது.

டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கியாயிற்று. அதற்கு முந்தின வாரம் ஒரு காலையில் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். மூன்றில் இருந்து நாலுக்குப் போட வேண்டிய இடத்தில் அவள் கியர் கம்பியை இழுத்து இரண்டில் போட்டுவிட்டாள். வண்டி ஒரு அலறு அலறியது பார், பாலத்தில் நடந்து போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரம்மா குரலைத் தாழ்த்தி "கிளட்ச்ச மிதிங்கம்மா" என்றார், அவளும் மிதித்துவிட்டாள், அதோடு போயிருக்க வேண்டியது. அதே நேரம் பார்த்து ஸ்பீடோமீட்டருக்குக் கீழே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய் விடுகிற மூக்கு வைத்த கிண்டி மாதிரி படம் போட்டிருக்குமே, அந்த விளக்கு. எஞ்சினுக்குள் ஆயில் ஓடுகிற அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம், அதோடு ஓட்டினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி எல்லாம் பொடியாகிவிடும். டீச்சரம்மா உடனே ஓரங்கட்டி அணைக்கச் சொன்னார். அம்மா அணைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏதோ கீழே போட்டு உடைத்துவிட்ட குழந்தை மாதிரி.

நமக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்காரர் கயிற்றோடு வந்து கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டார். கெட்ட மனிதர் இல்லை, அன்றைக்கு அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு நிமிஷம் ஸ்டார்ட் செய்து விளக்கைப் பார்த்தார், என்ன ஆயிற்று என்று கேட்டார், அம்மா மறைக்காமல் கியர் விஷயத்தைச் சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "பழைய வண்டி சார், எஞ்சினைப் பிரிச்சாத்தான் தெரியும், பிரிச்சா அப்புறம் நிறைய வேலை இழுத்துக்கிட்டே போகும். புதுசா பழகுறவங்க கையில குடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கூட அவிழ்க்காமல் அடுத்த வேலைக்கு ஓடினார். எஞ்சினைப் பற்றிச் சொன்னது எனக்குத்தான் உறைத்தது. அம்மாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்றைக்கு முழுக்க அவள் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மறுநாள் தானே ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துப் போங்கள், பழைய வண்டி எடுக்கிற ஆள் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். டீச்சரம்மாவிடம் டெஸ்ட் வேண்டாம் என்றாள். அவர், "தேதியை அன்னிக்குக் காலையிலகூட ரத்து பண்ணிக்கலாம், இப்பவே எதுக்கு?" என்று சொல்லி போனை வைத்துவிட்டாராம். நான் சமாதானம் சொல்லப் போனேன். "நீங்க அந்த வண்டிய எத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்தீங்க, நான் ஒரே இழுப்புல கொன்னுட்டேன். இனிமே அந்த சீட்டுல உக்கார மாட்டேன். என்கிட்ட அதைப் பத்திப் பேசாதீங்க" என்றாள். வண்டி போனால் போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அவள் இத்தனை வயதுக்கு மேல் ஒன்றை ஆசைப்பட்டுத் தொட்டு, அது கெட்டுவிட்டது என்று கையை இழுத்துக்கொண்டாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் உன் அத்தை வருகிறாள். மாடியில் இருந்தபடியே எல்லாம் கேட்டிருக்கிறாள், முழங்காலால் இறங்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று. வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, "அண்ணா, எஞ்சின் போச்சுன்னு சொல்றது யாரு?" என்றாள். இது என்ன கேள்வி, லைட்டுதான் சொல்கிறது என்றேன். "லைட்டுக்கு யார் சொன்னா?" என்றாள். அவள் நர்ஸாக இருந்த வார்டில் ஒரு முறை புதிதாக வந்த மிஷின் ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தமே இல்லை என்று காட்டியதாம். ஆளாளுக்கு ஓடி, டாக்டரைக் கூப்பிட்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்க, அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, யாருக்கு என்ன ஆச்சு, ஏன் எல்லோரும் ஓடுகிறீர்கள் என்று கேட்டாராம். கைப்பட்டையில் ஓட்டை, அவ்வளவுதான். "முதல்ல வேற மிஷினை வச்சுப் பாருங்க, அப்புறம் ஆளைப் படுக்க வைக்கலாம்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தாள். அம்மா கேட்காத மாதிரி ஜிப்புகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும், பானெட்டைத் திறந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கத் தெரியும். ஆனால் கம்பியும் கரண்டும் தெரியும், டெலிபோன் இலாகாவில் அதுதானே பிழைப்பு. கரண்டுக்கு வழி இருக்கிற இடத்தில் கீச்சென்று கத்துகிற அந்தக் காலத்து மல்டிமீட்டரைத் தேடி எடுத்தேன், பேட்டரி மாற்றியதும் பழையபடி கத்தியது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் பொறுமைசாலி, கவுண்டரில் ஒரு பழைய ஸ்விட்ச்சை வைத்தே காட்டினார். எஞ்சின் பக்கவாட்டில், ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனுக்கு ஒன்று திருகியிருக்கும், அதுதான் ஆயில் பிரஷர் ஸ்விட்ச். எஞ்சின் நின்றிருக்கும்போது அதற்குள் கரண்டுக்கு வழி திறந்திருக்கும், விளக்கு எரியும். எஞ்சின் ஓடி ஆயில் வந்து முட்டினால் வழி அடைபடும், விளக்கு அணையும். ஆக, விளக்கு எரிகிறது என்றால் ஆயில் முட்டவில்லை, அல்லது ஸ்விட்ச் செத்துவிட்டது, அல்லது வயர் எங்கோ உரசுகிறது. எது என்று தெரிய வேண்டுமானால் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டுகிற ஊசி வைத்த கேஜைத் திருகி எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவரிடமே வாடகைக்கு ஒரு கேஜ் இருந்தது, ஸ்டெதஸ்கோப் மாதிரி நீளமாக ஒரு ரப்பர் குழாயோடு. "ஸ்டார்ட் பண்ணி ஊசி எழலைன்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க சார், யோசிக்காதீங்க. எழுந்துச்சுன்னா நல்லா சூடாகிற வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க, சூட்டுலதான் ஆயில் இளகும், வண்டியோட உண்மை அப்பத்தான் தெரியும். அப்பவும் ஊசி பத்துக்கு மேல நின்னா கவலை இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் நானும் அத்தையும் வேலையில் இறங்கினோம். அத்தைக்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் டார்ச் கொடுத்தேன். முதலில் ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தோம், ஆயில் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, தாராளமாக இருந்தது. அடுத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினேன், சிவப்பு விளக்கு எரிந்தது, எரிய வேண்டியதுதான். ஸ்விட்ச்சில் செருகியிருந்த வயரைப் பிடுங்கினேன், விளக்கு அணைந்துவிட்டது. அப்படியானால் வயர் எங்கும் உரசவில்லை, குற்றவாளி ஸ்விட்ச் அல்லது எஞ்சின், இரண்டில் ஒன்று. நான் பெரிய துப்பறியும் ஆள் மாதிரி நிமிர்ந்து நின்றேன். அந்தப் பெருமை அதிக நேரம் நிற்கவில்லை. ஸ்பேனரைப் போட்டு நான் திருகியது ஸ்விட்ச்சை இல்லை, சற்றுத் தள்ளி அதே மாதிரி இருந்த வேறொன்றை. பச்சைத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து என் சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் நனைத்தது. அது தண்ணீர்ச் சூடு பார்க்கிற சென்சாராம். எஞ்சின் ஜில்லென்று இருந்ததால் பிழைத்தேன். அவசரமாகத் திருகி மூடினேன். அத்தை சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா ஜன்னலுக்கு வந்தாள். வந்தவள் போகவில்லை.

பிறகு சரியான ஆளைப் பிடித்தேன். அடியில் துணி வைத்துக் கழற்றினால், ஸ்விட்ச்சின் வயர் மாட்டுகிற வாயிலேயே கருப்பாக ஆயில் ஊறி இருந்தது. அத்தை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது உள்ளுக்குள் ரொம்ப நாளாகக் கசிந்திருக்க வேண்டும் என்றாள். எனக்கு நம்பிக்கை துளிர்த்தது, ஆனால் கேஜ் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். ஆயில் கசியாமல் இருக்கக் கேஜின் திருகுப் புரிக்கு வெள்ளை டேப் சுற்றி அந்த ஓட்டையில் திருகினேன். இப்போதுதான் சிக்கல். வயர் பிடுங்கிக் கிடப்பதால் விளக்கு எதுவும் சொல்லாது, ஊசி ஒன்றுதான் சாட்சி. நான் ஊசியைப் பார்க்க வேண்டும், அத்தை மூட்டில் ஆயில் பீறிடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்ப ஆள் இல்லை.

அத்தை ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அண்ணி, கொஞ்சம் வந்து சாவியைத் திருப்புங்க." அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் வாய் திறந்தால் கெட்டுவிடும் என்று தெரியும். அத்தைதான் விடவில்லை. "ஓட்டச் சொல்லலை அண்ணி. திருப்பணும், நிறுத்துன்னா நிறுத்தணும். எனக்கு முழங்கால் மடங்காது, அண்ணனுக்கு ரெண்டு இடத்துல நிக்கத் தெரியாது" என்றாள். அம்மா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அப்புறம் வாசலுக்கு வந்தாள், கையைத் துடைத்தாள், கதவைத் திறந்து சீட்டில் உட்காராமல் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து எட்டிச் சாவியைப் பிடித்தாள். கியர் நடுவில் இருக்கிறதா என்று கம்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், ஒரு முறை இல்லை. "எழலைன்னா சொல்லுங்க, ஒரு நொடிகூட விட மாட்டேன்" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

திருப்பினாள். எஞ்சின் இருமியது, பிடித்தது. ஊசி அசையவில்லை. நான் நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாய் மூடுவதற்குள் ஊசி துள்ளி எழுந்து ஐம்பதைத் தாண்டிப் போய் நின்றது. ரப்பர் குழாய் ஆயிலால் நிரம்ப வேண்டும் அல்லவா, அந்தத் தாமதம்தான். அம்மா உள்ளே இருந்து, "என்னாச்சு, நிறுத்தவா, சொல்லுங்களேன்!" என்று கத்துகிறாள். எனக்கு வாய் மட்டும் திறந்திருக்கிறது. கடைசியில் அத்தைதான், "எழுந்துடுச்சு அண்ணி! ஊசி எழுந்து நிக்குது, விடுங்க ஓடட்டும்!" என்று நாற்காலியில் இருந்தே கூவினாள்.

அம்மா சாவியில் இருந்து கையை எடுத்தாள். வெளியே வந்து தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பானெட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தபோது கையில் இருந்த ஆயில் கன்னத்தில் கோடாக ஒட்டிக்கொண்டது, நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. அத்தை மட்டும், "இன்னும் முடியலை, சூடானாத்தான் உண்மை தெரியும்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு" என்று ஆஸ்பத்திரிக் குரலில் எச்சரித்தாள். ஓட விட்டுக் காத்திருந்தோம். சூடேற ஏற ஊசி மெல்ல மெல்ல இறங்கியது, ஐம்பது, நாற்பது, முப்பது என்று அது இறங்க இறங்க மூன்று பேர் தலையும் கேஜை நெருங்கிக்கொண்டே போனது. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும் அளவுக்குச் சூடானபோது இருபதுக்கு மேலே போய் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள் என்றாள் அத்தை. அம்மா போய் இப்போது சீட்டில் உட்கார்ந்தாள், முழுசாக, சாய்ந்து. மிதித்தாள், ஊசி ஏறியது. விட்டாள், இறங்கியது. போதும் என்றேன். இன்னொரு தடவை என்றாள். தெருவில் போன பால்காரர், ஊருக்குக் கிளம்புகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்விட்ச்தான் குற்றவாளி என்பதை நிரூபித்தே தீர வேண்டும் என்று பிறகு அவளே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டாள். மீட்டரின் ஒரு கம்பியைப் பழைய ஸ்விட்ச்சின் முனையிலும் இன்னொன்றை அதன் இரும்பு உடம்பிலும் வைத்தாள், கீச்சென்று கத்தியது. அது சரி, அழுத்தம் இல்லாதபோது கத்த வேண்டும். அழுத்தம் கொடுத்தால் நிற்கிறதா என்று பார்க்க சைக்கிள் பம்ப்பின் குழாயை அதில் இறுக்கிக் கட்டி என்னை அடிக்கச் சொன்னாள். நான் வேர்க்க விறுவிறுக்க அடித்தேன், அது விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் வாங்கி வந்த புது ஸ்விட்ச்சுக்கும் அதே பரீட்சை. கீச்சென்றது, நான் பம்ப்பை ஒரு அழுத்து அழுத்தியதும் கப்சிப். விட்டதும் கீச். அம்மா குழந்தை மாதிரி அதை மறுபடி மறுபடி செய்யச் சொன்னாள், என் கைதான் கழன்றுவிட்டது. அதை மாட்டி ஸ்டார்ட் செய்தாள், சிவப்பு விளக்கு ஒரு முறை விழித்துப் பார்த்துவிட்டு அணைந்தது.

வண்டியை எடுக்க வந்த ஒர்க்‌ஷாப்காரரிடம் அம்மாவே பேசினாள். ஸ்விட்ச்தான் போயிருந்தது, மாற்றியாயிற்று என்றாள். யார் பார்த்தது என்று கேட்டார். "நாங்க மூணு பேர்தான்" என்றாள். அவர் சந்தேகத்தோடு குனிந்து பார்த்தார், ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார், இன்னும் திருப்பிக் கொடுக்காத கேஜைத் தானும் ஒரு முறை மாட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லவேளைம்மா, நான் பிரிச்சிருந்தா பாவம் என் தலையில. அன்னிக்கு அவசரத்துல வாய் விட்டுட்டேன். ஒரு தடவை கியர் மாறி விழுந்ததுக்கெல்லாம் ஆயில் பிரஷர் போகாது, அந்த ஸ்விட்ச் எப்ப வேணா போயிருக்கும், உங்க நேரம் பார்த்துப் போயிருக்கு" என்றார். அம்மா உள்ளே போய் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவருடைய வேலை அங்கியின் ஜிப் பல் உடைந்து ஊக்கு குத்தி வைத்திருந்ததைப் பார்த்து, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நல்ல பித்தளை ஜிப்பாகப் போட்டுத் தருகிறேன் என்றாள். அவர் அவிழ்க்காமல் விட்டுப் போன கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

டெஸ்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீச்சரம்மா தேதியை ரத்து செய்யவே இல்லை. அன்றைக்கு நான் கட்டடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்புகிற இடத்தில் எஞ்சினை அணைய விட்டுவிட்டாள், அதற்கு மார்க் போயிற்று. நடுவில் சோதனை செய்கிறவர், வழியில் ஆயில் விளக்கு எரிந்தால் என்ன செய்வீர்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். உன் அம்மா ஓரமாக நிறுத்தி அணைப்பேன் என்பதில் ஆரம்பித்து, கம்பி, வயர், கேஜ், பம்ப் என்று சொல்லிக்கொண்டே போக, அவர் போதும்மா போதும், நிறுத்துறதோட எனக்குப் போதும் என்று எழுதிக்கொண்டாராம். பாஸ். வெளியே வந்து என்னிடம் காகிதத்தைக் காட்டாமல் முதலில் டீச்சரம்மாவைத்தான் கட்டிக்கொண்டாள். எனக்கு அது வருத்தமில்லை, கொஞ்சம்தான்.

அதற்குப் பிறகு மொத்தக் கடைத் தெருவுக்குப் போய் வந்தாள், அத்தையை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப் போனாள். நேற்று என் முறை. கண் டாக்டரம்மாவிடம் போனோம், மருந்து விட்டுக் கண்ணை விரித்துப் பார்த்தார்கள், பார்வை போன தடவை இருந்தபடியே இருக்கிறது, இறங்கவில்லை, இது உனக்கு நல்ல செய்தி. ஆனால் மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் எல்லாம் கரைந்து ஒன்றாகிவிடும், எதிரே யார் வருகிறார்கள் என்று கூடத் தெரியாது. அம்மா என் கையைப் பிடித்து வண்டியில் உட்கார வைத்து, பெல்ட்டையும் அவளே மாட்டிவிட்டாள். வழக்கமாக நான் அந்த சீட்டில் உட்கார்ந்தால் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும், பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். நேற்று எதுவும் தெரியாததால் மிதிக்கவும் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, கியர் மாறுவது கேட்டது, ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று, ஒரு உரசல் இல்லை. பாலத்தில் ஏறியது வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அம்மா தோளைத் தட்டி, "வீடு வந்துடுச்சு, எந்திரிங்க" என்கிறாள். நீ பிறந்தபோது உன்னை ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்த வண்டி அது, மழையிலும் வெயிலிலும் அதை ஓட்டியிருக்கிறேன், அதில் சாப்பிட்டிருக்கிறேன், உன் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன். அதில் நான் தூங்கியது நேற்றுதான்.

சரி, கையில் இருக்கிற காகிதம் முடிகிறது. உன் வண்டியில் ஆயில் விளக்கு எப்போதாவது எரிந்தால் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடு, வீடு பக்கம்தானே என்று ஓட்டிக்கொண்டு வராதே, எல்லா விளக்கும் பொய் சொல்லாது. மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடட்டும், குட்டியின் விழுந்த பல்லைத் தூக்கிப் போடாமல் வை, அத்தைக்குப் பார்க்க வேண்டுமாம். அம்மா பாஸான சேதியை அவள் போனில் சொல்லும்போது நீ புதிதாகக் கேட்பதுபோல் சத்தமாகச் சந்தோஷப்படு, நடிக்கத் தெரியாத குரலில் சொதப்பிவிடாதே. நான் தூங்கியதை மட்டும் அவளிடம் கேட்காதே, குறட்டையும் சேர்த்துச் சொல்கிறாள்.

உங்கள் மூவர் தலையிலும் எங்கள் மூவர் கையும் எப்போதும் இருக்கிறது என்று நினைத்துக்கொள். நிறைந்த மனதோடு,

அப்பா